பழகாத நிறுவனத்தின் கப்பலில் தனியாக: சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணத்துக்கு முழு வழிகாட்டி

முதல் நான்கு கப்பல் பயணங்களையும் நான் ஒரே நிறுவனத்தில்தான் போனேன். ஐந்தாவதை வேறொரு நிறுவனத்தில், அதுவும் தனியாகப் பதிவு செய்தபோது எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பு இருந்தது. சிங்கப்பூரில் டாக்ஸி ஏறியதும் வழக்கமான முனையத்தின் பெயரைச் சொன்னேன். அங்கே போய் இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் என் கப்பல் வேறு முனையத்தில் நிற்கிறது என்று தெரிந்தது. துணைக்கு யாராவது வந்திருந்தால் டாக்ஸியிலேயே டிக்கெட்டைப் பிரித்து, "இதில் வேறு பெயர் போட்டிருக்கிறதே" என்று கேட்டிருப்பார்.

அதன் பிறகு உறவினர், நண்பர் என்று ஏழெட்டுப் பேருக்கு இதே மாதிரிப் பயணங்களைப் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டே வகைதான். ஒன்று, முன்பு போன நிறுவனத்தில் எப்படியோ இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தது. இன்னொன்று, கூட வருகிறவர் சும்மா செய்துவிடும் சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய ஆளில்லாமல் போனது. கீழே உள்ள படிகள் இந்த இரண்டையும் மனத்தில் வைத்து எழுதியவை. வரிசையை மாற்ற வேண்டாம். ஏன் என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவைத்த கிரெடிட் கார்டு, பயணத் தேதிக்கு முன் குறைந்தது நான்கு மாத அவகாசம், ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு எதற்கு என்று மூன்றாம் படியில் தெரியும்.

1. குறுகிய பயணத்தை எடுங்கள்

பழகாத நிறுவனத்தில் ஏழு இரவு, பத்து இரவு என்று தொடங்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் நிறைய உண்டு. பினாங்கு, புக்கெட், போர்ட் கிளாங் இவற்றில் ஒன்றோ இரண்டோ தொட்டுவிட்டுத் திரும்பும். சாப்பாடு பிடிக்கவில்லை, கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வீட்டுக்குப் புறப்பட்டுவிடலாம். இருவராகப் போனால் ஒருவரோடு ஒருவர் புலம்பியே ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை.

ஒரே இரவுப் பயணமும் வேண்டாம். மாலையில் ஏறி, அறையைக் கண்டுபிடித்து, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, சாப்பிட்டுப் படுத்தால் மறுநாள் இறக்கிவிடுவார்கள். நிறுவனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிருங்கள். சிங்கப்பூரில் ஜூன் மாதமும் நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியவும் நீண்ட விடுமுறை. அந்த நாட்களில் கப்பல் முழுக்கக் குடும்பங்கள் இருக்கும். தனி ஆளுக்கு விலையில் ஒரு காசுகூடக் குறைக்க மாட்டார்கள்.

2. தனி ஆளுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுங்கள்

விளம்பரத்தில் தெரியும் விலை, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் விலை. நீங்கள் தனியாகத் தங்கினால் காலியாகக் கிடக்கும் அந்த இன்னொரு படுக்கைக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள். பெரும்பாலும் கட்டணம் இரட்டிப்பாகும். சில தேதிகளில் ஒன்றரை மடங்கோடு விடுவார்கள். அதனால் விலை தேடும் முதல் நொடியிலேயே பயணிகள் எண்ணிக்கையை ஒன்று என்று மாற்றிவிட்டுத் தேடுங்கள். இருவர் என்று தேடி வந்த விலையை இரண்டால் வகுத்து மனத்தில் ஒரு தொகையை வைத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு.

இரட்டிப்பாவது பயணக் கட்டணம் மட்டுமே. துறைமுக வரியும் அன்றாட டிப்ஸும் ஆளுக்குத்தான், படுக்கைக்கு அல்ல. ஓர் உதாரணம் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. கட்டணம் ஆளுக்கு 400 சிங்கப்பூர் டாலர், வரி 100, நான்கு நாள் டிப்ஸ் 100. இருவர் போனால் ஆளுக்கு 600. தனியாகப் போனால் 800, 100, 100 என்று மொத்தம் 1,000. ஒன்றரை மடங்குக்குக் கிடைத்தால் 800. வரியையும் டிப்ஸையும் இரண்டு முறை சேர்த்திருந்தால் பில்லைத் திருத்தச் சொல்லுங்கள். ஒரு முகவர் எனக்கு அப்படி அனுப்பியிருந்தார். கேட்டதும் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்.

சில கப்பல்களில் ஒருவருக்கென்றே கட்டிய சிறிய அறைகள் உண்டு. நார்வீஜியன் நிறுவனம் 2010இல் இறக்கிய எபிக் கப்பலில் 128 ஒற்றையாள் அறைகளை வைத்து இதைப் பெரிய அளவில் தொடங்கியது. ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் சிலவற்றிலும் இப்படிக் கொஞ்சம் அறைகள் இருக்கின்றன. எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் போய்விடும். ஆனால் ஒற்றையாள் அறை என்றாலே மலிவு என்று நம்பிவிடாதீர்கள். அதே நாளில் ஜன்னல் இல்லாத சாதாரண உள்ளறையை இரட்டிப்பு விலையில் எடுத்தாலும் அது குறைவாக வரும் நேரங்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு கண்ணி, ஏலத்தில் அறையை உயர்த்திக்கொள்ளும் திட்டம். "பால்கனி அறைக்கு 60 டாலர் சொல்லுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். பல நிறுவனங்களில் அது ஆளுக்கு 60; நீங்கள் ஒருவரே இருந்தாலும் இருவருக்கானதாக 120 எடுத்துக்கொள்வார்கள். எண்ணைத் தட்டும் முன் அடியில் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

கூட வராத ஒருவரின் பெயரைப் போட்டுப் பதிவு செய்து, கடைசி நேரத்தில் "அவர் வரவில்லை" என்று சொல்லிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். செய்யாதீர்கள். பெயரைக் கொடுத்த பிறகு ஆவணம் கேட்பார்கள், விசா கேட்பார்கள். மிச்சமாகும் பணத்தைவிட விளக்கம் சொல்லும் வேலை பெரிது.

3. பழைய பழக்கங்களை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பணம் கட்டும் முன் செய்ய வேண்டும். கட்டிய பிறகு கிடைக்கும் பதில் தகவல்தான். கட்டும் முன் கிடைத்தால் வேண்டாம் என்று எழுந்துவிடலாம்.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் முன்பு போன கப்பலில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். வலப்பக்கம் இந்த நிறுவனத்தின் பதில். முதல் கப்பல் பயணமே இதுதான் என்றால் இடப்பக்கம் உங்கள் கற்பனையில் இருப்பதை எழுதுங்கள். அதுவும் உடையத்தான் போகிறது. நான் தவறாமல் கேட்பவை இவை.

இரவு உணவுக்கு நேரம் குறித்துக் கொடுப்பார்களா, நாம் நினைத்த நேரத்துக்குப் போகலாமா? பழைய நிறுவனத்தில் நான் எப்போது வேண்டுமானாலும் போவேன். புதிய கப்பலில் எனக்கு இரவு எட்டரை மணி என்று அச்சிட்டு வந்தது. ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு என்னுடையது.

டிப்ஸ் கட்டணத்திலேயே அடங்கியதா, நாள்தோறும் கணக்கில் ஏறுமா? சைவ உணவு தினமும் பட்டியலில் இருக்குமா, முன்கூட்டிச் சொன்னால்தான் வருமா? காபி, தண்ணீர் பாட்டில் இலவசமா? எந்தெந்த உணவகத்துக்குத் தனிக் காசு? வைஃபை எத்தனை கருவிக்கு? கப்பலில் எந்த நாட்டு நாணயத்தில் கணக்கு? பாஸ்போர்ட்டை நம்மிடமே விடுவார்களா, வாங்கி வைத்துக்கொள்வார்களா?

தொலைபேசியில் கேட்டுவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள். கப்பலில் வரவேற்பு மேசையில் நின்று "போனில் அப்படிச் சொன்னார்களே" என்றால் எதிரே இருப்பவர் புன்னகைப்பார், அவ்வளவுதான். எழுத்தில் வந்த பதிலைக் காட்டினால் வேலை நடக்கும். நீங்கள் சொல்வதை ஆமோதிக்கப் பக்கத்தில் இன்னொருவர் இல்லாதபோது காகிதம்தான் சாட்சி.

அப்படியே இன்னொன்றும் கேட்டுவையுங்கள்: பழைய நிறுவனத்தின் உறுப்பினர் அட்டைக்கு இங்கே மதிப்பு உண்டா? எம்எஸ்சி போன்ற ஒன்றிரண்டு நிறுவனங்கள் பிறரின் உறுப்பினர் நிலையைக் கண்டுகொண்டு தங்களிடமும் ஒரு படி கொடுக்கின்றன. இரட்டிப்புக் கட்டணம் கட்டும் தனிப்பயணிக்கு இரவுக்கு இரண்டு உறுப்பினர் புள்ளி தருவது ராயல் கரீபியனின் வழக்கம். கொடுத்த பணத்துக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

4. அறையை வரைபடத்தில் பார்த்து எடுங்கள்

தள வரைபடத்தைத் திறந்து, உங்கள் அறைக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல் குளமோ பஃபே கூடமோ இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே அரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை மத்தளம். மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் நிம்மதி.

தலை சுற்றும் என்ற பயம் இருந்தால் கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும் பாருங்கள். ஆட்டம் அங்கே குறைவு. முன்முனையிலும் மேல்தளத்திலும்தான் அதிகம் தெரியும்.

பக்கத்து அறைக்கு வழி வைத்த இணைப்பு அறைகளைத் தவிருங்கள். கதவைப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள், ஆனாலும் சுவரைவிடக் கதவு மெல்லியது. வரைபடத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே சிறிய குறி போட்டிருக்கும். தனியாகப் போகும் பெண்கள் லிஃப்டிலிருந்து ஏழெட்டு அறை தள்ளி எடுப்பது என் யோசனை. நடையில் ஆள் நடமாட்டம் இருக்கும், லிஃப்ட் வாசல் கூச்சலும் இருக்காது.

"எந்த அறை என்று நிறுவனமே முடிவு செய்யும்" என்ற மலிவுக் கட்டணமும் உண்டு. பழகிய கப்பலில் அதை எடுப்பேன். பழகாததில் எடுக்க மாட்டேன்.

5. விசாவும் பணம் கட்டும் தேதியும் மோதும் இடம்

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கப்பலுக்கு முழுத்தொகையைப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் முன்பே கட்டச் சொல்வார்கள். சிங்கப்பூர் விசாவுக்கோ போய்ச்சேரும் தேதிக்கு முந்தைய 30 நாட்களுக்குள்தான் விண்ணப்பிக்கலாம். அதாவது பணம் முதலில், விசா பின்னால். இந்த இடைவெளியை மாற்ற முடியாது. அதனால் பதிவு செய்யும்போதே, விசா மறுத்தால் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். முன்பணம் திரும்பாது என்று போட்டிருக்கும் கட்டணம் பத்து இருபது டாலர் மலிவாக இருக்கும். அந்த மலிவு வேண்டாம்.

விசா பலமுறை நுழையக்கூடியதா என்று பாருங்கள். கப்பல் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பி இறங்கும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒரு முறை மட்டும் நுழைய விசா வைத்திருப்பவரைக் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். விண்ணப்பத்தோடு விமான டிக்கெட்டை மட்டும் வைக்காமல் கப்பல் பதிவையும் வையுங்கள்.

வழியில் தொடும் நாடுகளின் விதி தனி. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறது. இத்தகைய சலுகைகளைக் காலவரம்போடுதான் அறிவிப்பார்கள், நீட்டிப்பார்கள், மாற்றுவார்கள். உங்கள் பயணத் தேதிக்கு என்ன விதி என்று நிறுவனத்தையே மின்னஞ்சலில் கேளுங்கள். கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன் என்பது எடுபடாது. கப்பல் தொடும் எல்லா நாடுகளுக்கும் ஆவணம் சரியாக இருந்தால்தான் ஏற்றுவார்கள்.

சிங்கப்பூரின் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி. விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது இன்னொன்று என்று இரண்டு முறை நிரப்ப வேண்டும். இரண்டாவதை எல்லாரும் மறக்கிறார்கள், பிறகு நடுக்கடலில் வைஃபைக்குப் பணம் கட்டி நிரப்புகிறார்கள். கடைசித் துறைமுகத்தில் கரையில் இறங்கும்போதே முடித்துவிடுங்கள்.

விசா வந்த பிறகு விமான டிக்கெட். கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே போய்ச் சேருங்கள். சென்னையிலிருந்து நான்கு மணி நேரம்தானே என்று அதே நாள் காலையில் போய் இறங்கினால், விமானம் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் உங்களுடைய பிரச்சினை. கப்பல் காத்திருக்காது.

6. காப்பீடு

சாதாரணப் பயணக் காப்பீட்டில் கப்பல் பயணம் அடங்குமா, கப்பலிலிருந்து கரைக்கு மருத்துவ அவசரமாகக் கொண்டுபோகும் செலவு அடங்குமா, கப்பலைத் தவறவிட்டால் ஏதாவது கிடைக்குமா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் ஆம் என்றால் எடுங்கள். கப்பல் மருத்துவமனையில் முதலில் நீங்கள் பணம் கட்ட வேண்டும், ரசீதை வைத்துப் பின்னால் கேட்டு வாங்க வேண்டும்.

பாலிசி எண், கப்பலின் பெயர், அறை எண், துறைமுக முகவரின் (துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்துக்காக வேலை பார்ப்பவர்) தொலைபேசி எண், நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகள் இவற்றை ஒரே தாளில் எழுதி ஒரு பிரதியை வீட்டில் கொடுங்கள். இன்னொன்று உங்கள் கைப்பையில். மயங்கி விழுந்தால் உங்களுக்காகப் பேசுவது அந்தத் தாள்தான்.

7. செக் இன், முனையம்

ஆன்லைன் செக் இன் திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். திறந்த அன்றே செய்தால் கப்பல் ஏறும் நேரத்தில் முன்வரிசை கிடைக்கும். பிறகு செய்தால் பிற்பகல் மூன்று மணி என்று கொடுத்துவிடுவார்கள்.

இப்போது என் பழைய தப்பு. சிங்கப்பூரில் பயணக் கப்பல்களுக்கு இரண்டு முனையங்கள். ஒன்று ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். மற்றொன்று 2012இல் திறந்த மரினா பே குரூஸ் சென்டர்; அதற்குப் பக்கத்து ரயில் நிலையம் மரினா சவுத் பியர். பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஓட்டுநரிடம் "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னால் அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். டிக்கெட்டில் இருக்கும் முழுப் பெயரைக் காட்டுங்கள். பெட்டி கனமில்லை என்றால் ரயிலிலேயே போகலாம்.

பெட்டி அட்டைகளை வீட்டிலேயே அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டுங்கள். காகிதம் மட்டும் என்றால் கிழிந்துவிடும்.

8. கைப்பையில் என்ன, பெட்டியில் என்ன

பெரிய பெட்டியை முனையத்தில் கொடுத்துவிட்டால் அது அறைக்கு வரச் சாயங்காலம் ஆகலாம். அதனால் பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுடை இவை கைப்பையில். பெட்டிக்குள் பாஸ்போர்ட்டை வைத்துக் கொடுத்துவிட்டுச் சோதனை வரிசையில் விழித்து நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல வேளையாக வண்டி புறப்படும் முன் பெட்டி கிடைத்தது.

அயர்ன் பாக்ஸ், கெட்டில், மின்சாரக் குக்கர், எக்ஸ்டென்ஷன் பலகை எதையும் ஏற்ற விடமாட்டார்கள். தீப்பிடிக்கும் பயம். பெட்டியில் இருந்தால் பெட்டியையே நிறுத்திவைப்பார்கள். பிறகு அதைத் தேடிக் கீழ்த்தளத்துக்கு அலைய வேண்டும். நம் ஊர் மூன்று முனைப் பிளக் கப்பலின் துளையில் ஏறாது. பல கப்பல்களில் அமெரிக்கத் தட்டை முனையும் ஐரோப்பிய இரட்டை முனையும்தான். மெல்லிய இரட்டை முனை சார்ஜர் போதும்; இல்லையென்றால் ஓர் அடாப்டர்.

பெரும்பாலான கப்பல்களில் அறைச் சுவர் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நான்கு வாங்கிப் போங்கள். தொப்பி, ஈரத் துண்டு, அறை அட்டை எல்லாம் கதவருகே தொங்கும். அட்டையை எங்கே வைத்தாய் என்று கேட்க ஆளில்லாத அறையில் இது பெரிய உதவி.

9. ஏறியதும் முதல் மூன்று மணி நேரம்

ஏறியதும் எல்லாரும் பஃபேக்கு ஓடுவார்கள். நீங்கள் அந்த நேரத்தில் நான்கு வேலை முடியுங்கள். கூட்டம் கலைந்த பிறகு சாப்பிடலாம்.

முதலில் கைப்பேசியை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். கரை விலகியதும் கைப்பேசி தானாகவே கப்பலின் கடல்வழி நெட்வொர்க்கைப் பிடிக்கும். சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் பில் வந்தவர்கள் உண்டு.

அடுத்து பாதுகாப்புப் பயிற்சி. சில நிறுவனங்களில் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூட்டுவார்கள். சிலவற்றில் கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு ஆபத்து நேரத்தில் நாம் கூட வேண்டிய இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். பழைய நிறுவனத்தில் எப்படியோ, இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி என்பது ஆபத்து அறிவிப்பு. அறையிலிருந்து கூடும் இடத்துக்கு ஒரு முறை படிக்கட்டில் நடந்து பாருங்கள். இரவில் விளக்கு அணைந்தால் வழி சொல்ல ஆளிருக்காது.

மூன்றாவது, உணவகத் தலைமைப் பணியாளரைப் பார்ப்பது. அதை அடுத்த படியில் விரிவாகச் சொல்கிறேன். நான்காவது, கணக்கில் கிரெடிட் கார்டை இணைப்பது. டெபிட் கார்டு வேண்டாம். நீங்கள் செலவு செய்யாவிட்டாலும் முன்பிடித்தம் என்று தினமும் ஒரு தொகையை முடக்குவார்கள். பயணம் முடிந்து அது வங்கிக்குத் திரும்பச் சில வாரம்கூட ஆகும். அதுவரை அந்தப் பணம் உங்களுக்கு உதவாது.

10. சாப்பாட்டு மேசை

தனியாகப் போகிறவர்கள் அதிகம் பயப்படுவது கடலுக்கு அல்ல, இரவு உணவு மேசைக்கு. "ஒருவர்தானா?" என்று பணியாளர் கேட்கும் அந்த நொடிக்குப் பயந்து நான்கு இரவும் பஃபேயில் தட்டை ஏந்திச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுத்த கட்டணத்தில் நல்ல பகுதி அந்த உணவுக் கூடத்தில்தான் இருக்கிறது.

ஏறிய அன்றே பிற்பகலில் உணவுக் கூடத்துக்குப் போங்கள். வாசலில் மேசை மாற்றங்களைக் கவனிக்க ஒருவர் நிற்பார். அவரிடம் இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பகிர்ந்துகொள்ளும் பெரிய மேசை வேண்டும், அல்லது ஜன்னலோரம் சிறிய மேசை வேண்டும். எதுவும் சொல்லாமல் விட்டால் தூணுக்குப் பின்னால் சமையலறைக் கதவோரம் உட்காரவைப்பார்கள். பகிர்வு மேசை என்றால் ஆறு பேர் மேசை நல்லது. நான்கு பேர் மேசையில் ஒரு தம்பதியோடு நீங்கள் மூன்றாவதாகத் தொற்றிக்கொள்வது போல ஆகும், அல்லது அவர்களின் சண்டைக்கு நடுவராவீர்கள். எனக்கு நடந்தது இரண்டாவது.

சைவம் என்றால் அதே ஆளிடம் அப்போதே சொல்லுங்கள். மின்னஞ்சலில் முன்பே சொல்லியிருந்தாலும் மறுபடி சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் இந்தியச் சைவ உணவு கிடைக்கும். மறுநாள் இரவுக்கான உணவை முதல் நாள் இரவே கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. முட்டை, மீன் சாஸ் இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள். வெறுமனே சைவம் என்றால் தாய்லாந்துச் சமையல்காரருக்கு மீன் சாஸ் அதில் சேர்ந்தது என்று தோன்றாமல் போகலாம்.

அன்றாட நிகழ்ச்சிப் பட்டியலில் "தனிப்பயணிகள் சந்திப்பு" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் நாள் சந்திப்புக்கே போங்கள். இரண்டாம் நாள் போனால் அதற்குள் குழுக்கள் சேர்ந்திருக்கும். அங்கே யாரிடமும் அறை எண்ணைச் சொல்ல வேண்டாம்; சந்திக்கும் இடத்தைச் சொன்னால் போதும்.

பஃபேக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாசலில் தெளிக்கும் கைதூய்மிப்பான், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸை அவ்வளவாக அசைக்காது.

11. கரையில் இறங்கும் நாள்

கப்பல் நேரம் என்று ஒன்று உண்டு. நீங்கள் நம்ப வேண்டியது அதை மட்டுமே. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்க, புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். அட்டையில் "நான்கு மணிக்குள் திரும்பவும்" என்று இருக்கும். கைப்பேசி மூன்று என்று காட்டும்போது கப்பலில் நான்கு ஆகியிருக்கும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துத் தேங்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி, அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிட்டு மாற்றாமல் இருங்கள்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் திரும்பும் வரிசை வெயிலில் நீளமாக நிற்கும். கடைசிப் படகுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரைக்கு வந்துவிடுங்கள். தனியாகக் கரையில் தூரமாகப் போக வேண்டும் என்றால் புக்கெட்டில் மட்டும் நிறுவனத்தின் சுற்றுலாவை எடுங்கள், விலை கூடுதல்தான். நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும் அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே சேர்ப்பார்கள்.

பினாங்கில் அந்தச் செலவு தேவையில்லை. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். குயீன் வீதி மாரியம்மன் கோயிலுக்குக் காலையிலேயே போங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும். தமிழில் வழி கேட்கலாம், இட்லி கேட்கலாம், திட்டும் வாங்கலாம். முதல் முறை தனியாகக் கரையிறங்கிப் பழக இதைவிட நல்ல துறைமுகம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை. போர்ட் கிளாங்கில் அப்படி இல்லை. கோலாலம்பூருக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்துமலை பார்க்க வேண்டும் என்றால் 272 படிக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

இறங்கும் ஒவ்வொரு முறையும் மூன்று பொருள்: அறை அட்டை, பாஸ்போர்ட்டின் நகல் (கப்பலில் வாங்கி வைத்திருந்தால் இது இன்னும் முக்கியம்), துறைமுக முகவரின் எண் இருக்கும் அன்றைய தாள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியவர் அந்த முகவர். அறையைவிட்டுப் போகும்போது எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவருக்கு ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள். திரும்பியதும் இன்னொன்று.

12. கடைசி இரவு

இரவு பத்து மணிக்கு முன் கணக்கை எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் அப்போதே வரவேற்பு மேசைக்குப் போங்கள். மறுநாள் காலை அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தால், போனால் போகட்டும் பத்து டாலர் என்று விட்டுவிடத் தோன்றும். தனி ஆளின் பில்லில் நான் வழக்கமாகத் தேடுவது இரண்டாம் ஆளுக்கான டிப்ஸ், எடுக்காத வைஃபை, மினிபார் தண்ணீர்.

பெட்டியை இரவே வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் உடுத்தும் உடை, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட் நான்கையும் எடுத்துக் கட்டில் மேல் வைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். எல்லாவற்றையும் உள்ளே போட்டு அனுப்பிவிட்டு இரவு உடையோடு குடிநுழைவு வரிசையில் நின்ற ஓர் இளைஞரைப் பார்த்தேன். அவரே பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதால் இதை எழுதுகிறேன். சிறிய பெட்டிதான் என்றால் வாசலில் வைக்காமல் நீங்களே உருட்டிக்கொண்டு இறங்கலாம், சீக்கிரமும் வெளியேறலாம்.

அடுத்த பயணத்துக்கு இப்போதே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று கப்பலிலேயே ஒரு மேசை போட்டிருப்பார்கள். கட்டும் முன் நோட்டை எடுத்து வலப்பக்கத்தைப் படியுங்கள். பிறகு அந்த மேசையில் ஒரே கேள்வி: தள்ளுபடி கழித்த பிறகு, ஒருவர் என்று போட்டால் என்ன விலை? திரையில் அவர் அந்த எண்ணைத் தட்டிக் காட்டும் வரை கார்டை வெளியே எடுக்க வேண்டாம்.